பந்து யார் கையில் இருந்தது

மே 11, ஞாயிறு

இறுதிப் போட்டி முடிந்தது. குளித்து, இரண்டு தோசை சாப்பிட்டுவிட்டு எழுத உட்கார்ந்திருக்கிறேன். முழங்காலில் யாழினி தைலம் தேய்த்துவிட்டாள். பத்தாம் வகுப்பு முடிவு வருகிற வரைக்கும் மகள் இப்படித்தான் தாயிடம் பாசமாக இருப்பாள், தெரியும்.

விடிவெள்ளிக் கழகத்தின் கோடைக் கூடைப்பந்துப் போட்டி. எங்கள் சின்னமனூர் அணிக்கும் திண்டுக்கல் அணிக்கும் இறுதி ஆட்டம். முதல் ரெஃப்ரி இருதயராஜ் அண்ணன், இரண்டாவது நான். இந்தப் போட்டியின் இறுதி ஆட்டத்துக்கு ஒரு பெண் விசில் ஊதுவது இதுவே முதல் முறை என்று மைக்கில் மூன்று தடவை சொன்னார்கள். முதல் தடவை சந்தோஷமாக இருந்தது. மூன்றாவது தடவை எரிச்சலாக இருந்தது.

எழுதி வைக்க வேண்டியது கடைசி ஆறு நொடியைப் பற்றி மட்டும்தான். எங்கள் ஊர் 68, திண்டுக்கல் 67. பந்து திண்டுக்கல்லிடம். பதினோராம் நம்பர் பையன் கவியரசன் எனக்கு வலப்பக்கம் பந்தோடு கூடையைப் பார்த்து நிற்கிறான். கூடைக்குக் கீழே இரண்டு அணியின் உயரமான ஆட்களும் ஆட்டம் முழுக்க முட்டிக்கொண்டே இருந்தார்கள். எங்கள் ஊர் ஆள் திண்டுக்கல் ஆளின் கையைப் பிடித்து இழுத்தான். அதே நேரம் அவன் முழங்கையால் இவன் நெஞ்சில் குத்தினான். அண்ணன் ஊதினார், நானும் ஊதினேன். இரண்டு விசிலும் ஒரே சத்தமாகக் கேட்டது. அதன் பிறகு பந்து வளையத்தில் பட்டு வெளியே விழுந்தது.

டபுள் ஃபவுல். இரண்டு பேர் பெயரிலும் ஆளுக்கொரு தவறு எழுதியாயிற்று. யாருக்கும் ஃப்ரீ த்ரோ கிடையாது. மறுபடி ஆட்டத்தை எப்படித் தொடங்குவது என்பதுதான் கேள்வி. அண்ணன் ஓடி வந்து வாயைக் கையால் மறைத்துக்கொண்டு கேட்டார், "வேணி, அவய்ங்க மோதுனப்ப பந்து எங்க இருந்துச்சு?"

"கைய விட்டுப் போயிருச்சுண்ணே."

கூடைக்கு எறிந்து ஆகாயத்தில் இருக்கும் பந்து யாருடையதும் இல்லை. அப்போது ஸ்கோர் டேபிளில் இருக்கும் அம்புக்குறி எந்தப் பக்கம் காட்டுகிறதோ அந்த அணிக்குத்தான் பந்து. அம்பு எங்கள் ஊர்ப் பக்கம் இருந்தது. பந்தை வாங்கி ஆறு நொடியை ஓட்டிவிட்டார்கள்.

கவியரசன் டேபிளுக்கு வந்து ஓங்கி ஒரு அடி அடித்தான். ஸ்கோர் தாள் பறந்தது. "பந்து என் கையிலதான் இருந்துச்சு. பொய் சொல்றீங்க மேடம்" என்றான். கூடைப்பந்துச் சங்கத்துக்குப் புகார் போகும். போகட்டும்.

பந்து கையை விட்டுப் போயிருந்தது. நான் பார்த்தேன்.

மே 12, திங்கள்

காலையில் எங்கள் பள்ளி மைதானத்தில் நான் நடத்தும் கோடைப் பயிற்சி முகாம். பெண்கள் பதினாலு பேர் வந்தார்கள். போன வாரம் போட்ட கோடெல்லாம் வெள்ளிக்கிழமை மழையில் போய்விட்டது. திரும்பச் சுண்ணாம்பு கரைத்துப் போட்டோம்.

எல்லோருக்கும் நேற்றைய ஆட்டத்தைப் பற்றித்தான் பேச்சு. சரி, பாடமாகவே நடத்திவிடலாம் என்று உட்கார வைத்துச் சொன்னேன். டபுள் ஃபவுலுக்குப் பிறகு மூன்று வழி. அந்த நேரத்தில் கூடை விழுந்திருந்தால், எதிர் அணி கூடைக்குப் பின்னால் இருக்கும் கோட்டிலிருந்து எறிந்து தொடங்கும். கூடை விழவில்லை, ஆனால் பந்து ஒரு அணியிடம் இருந்தது என்றால், அந்த அணிக்கே பந்து. சண்டை நடந்த இடத்துக்குப் பக்கத்தில் கோட்டுக்கு வெளியே நின்று எறிய வேண்டும். மிச்சம் இருந்த நொடிகள் அப்படியே தொடரும், புதிதாக ஒரு நொடிகூடக் கிடையாது. பந்து யாரிடமும் இல்லை என்றால் அம்புக்குறி.

"அப்ப தப்புச் செஞ்சவங்களுக்குத் தண்டனையே இல்லையா மிஸ்?" என்று ஒருத்தி கேட்டாள்.

"பேர்ல எழுதியாச்சுல்ல. அதுதான் தண்டனை. ரெண்டு பேரும் தப்பு, அதுனால யாருக்கும் லாபம் வரக்கூடாது. எங்க நின்னுச்சோ அங்கயிருந்து நடக்கணும்."

எட்டாம் வகுப்பு ரிஸ்வானா கையைத் தூக்கினாள். "மிஸ், நேத்து நீங்க ரெண்டு பேரும் ஒண்ணா ஊதுனீங்கள்ல. அப்ப ரெண்டு பேரும் அந்த அண்ணங்களத்தான் பாத்துட்டு இருந்தீங்க. பந்த யாரு மிஸ் பாத்தா?"

எல்லோரையும் தண்ணீர் குடித்துவிட்டு வரச் சொன்னேன். அந்தப் பக்கத்துக் கோடு வளைந்திருந்தது. அழித்துவிட்டுத் திரும்பப் போடச் சொன்னேன். கெட்டிக்காரப் பெண்தான், கொஞ்சம் வாய் நீளம்.

மே 13, செவ்வாய்

சிலிண்டர் வந்தது. அண்ணன் கேட்டபோது நான் தயங்கவே இல்லை, உடனே சொன்னேன். அது எனக்கு நன்றாக நினைவிருக்கிறது.

மே 15, வியாழன்

சங்கத்திலிருந்து கடிதம். திண்டுக்கல் அணி ஆட்ட முடிவை எதிர்த்துப் புகார் கொடுத்திருக்கிறது. கவியரசன் டேபிளை அடித்ததற்கும், நடுவரைப் பொய்யர் என்றதற்கும் அவன் மேல் தனி விசாரணை. இரண்டுக்கும் சேர்த்து 24ஆம் தேதி மதுரையில். அதற்கு முன் நான் வாக்குமூலம் எழுதிக் கொடுக்க வேண்டுமாம்.

சாயந்திரம் உட்கார்ந்து எழுதினேன். "திண்டுக்கல் அணியின் 11ஆம் எண் ஆட்டக்காரர் எம்பிக் குதித்து, உச்சியில் பந்தை விடுவித்ததைத் தெளிவாகக் கண்டேன். அதன் பின்னரே கூடைக்குக் கீழ் மோதல் நடந்தது."

வீட்டுக்காரர் டியூட்டி முடிந்து வந்து, கண்டக்டர் பையை ஆணியில் மாட்டிவிட்டு, நான் எழுதியதை வாங்கிப் படித்தார்.

"எம்பிக் குதிச்சான், உச்சியில விட்டான்னெல்லாம் எழுதியிருக்க. அதெல்லாமா கேட்டாய்ங்க?"

"கேக்கல. எழுதுனா நல்லா இருக்கும்ல."

"இல்ல, டிக்கெட் எடுக்காதவன்தான் எந்த ஸ்டாப்புல ஏறுனேன், யாரு பக்கத்துல நின்னேன்னு வெவரமாச் சொல்லுவான். எடுத்தவன் டிக்கெட்ட மட்டும் நீட்டுவான்."

விளையாட்டாகத்தான் சொன்னார். எனக்குச் சுர்ரென்று வந்தது. பதினாலு வருஷமாக விசில் ஊதுகிறேன், எனக்குப் பஸ் கதை சொல்கிறார். காபி கேட்டார், பால் இல்லை என்றேன். பால் இருந்தது.

மே 17, சனி

யாழினி போனை நீட்டினாள். "அம்மா, ஃபைனல் வீடியோ ஒண்ணு சுத்துது. நீ இருக்க."

நாற்பத்து மூன்று நொடி. எடுத்தவன் கூடைக்கு எதிரே நின்று, கீழே நடக்கும் முட்டலையே எடுத்திருக்கிறான். கவியரசன் படத்திலேயே இல்லை. விசில் கேட்கிறது. அண்ணன் கை மேலே போகிறது. அதன் பிறகு பந்து எங்கிருந்தோ வந்து வளையத்தில் பட்டு விழுகிறது. பந்து எப்போது புறப்பட்டது என்று இதை வைத்து ஒருவரும் சொல்ல முடியாது. நிம்மதியாக இருந்தது.

"நீ ஓரத்துல நிக்கிற பாரு" என்று யாழினி நிறுத்திக் காட்டினாள்.

ஓரத்தில் நான் நிற்கிறேன். வாயில் விசில். முகம் கூடைக்குக் கீழே பார்த்துத் திரும்பியிருக்கிறது. கவியரசன் எனக்கு வலப்பக்கம் நின்றான். படத்தில் என் வலது காதுதான் அவன் பக்கம் இருக்கிறது.

இரண்டு பேர் நடுவராக இருக்கும் ஆட்டத்தில் ஆளுக்கொரு வேலை என்று பிரித்திருக்கும். கூடைக்குக் கீழே நிற்பவர் கீழே நடப்பதைப் பார்க்க வேண்டும். பின்னால் நிற்பவர் பந்து வைத்திருப்பவனைப் பார்க்க வேண்டும். அன்று பின்னால் நின்றது நான்.

ஆனால் கண் ஓரத்தில் தெரியும். இத்தனை வருஷப் பழக்கத்தில் கண் ஓரத்தில் எல்லாமே தெரியும். பொதுஜனங்களுக்கு அது புரியாது.

யாழினியிடம் நன்றாக இருக்கிறது என்று சொல்லிப் போனைக் கொடுத்துவிட்டேன்.

மே 19, திங்கள்

பத்தாம் வகுப்பு முடிவு மூன்று நாளைக்கு முன்பே வந்துவிட்டது, எழுத மறந்திருக்கிறேன். யாழினி 441. வீட்டில் கேசரி செய்தேன். பெற்ற மகளின் மதிப்பெண்ணை எழுத மறக்கிற அளவுக்கு என்ன ஆகிவிட்டது எனக்கு.

மாமனாருக்குப் பிரஷர் மாத்திரை வாங்க இருதயராஜ் அண்ணன் கடைக்குப் போனேன். பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே மருந்துக் கடை. என்னைவிட ஐந்து வயது மூத்தவர், ஆனால் நடுவர் தேர்வை நானும் அவரும் ஒரே வருஷம்தான் எழுதினோம். கடையில் இரண்டு பேர் நின்றார்கள். அவர்கள் போகட்டும் என்று நின்றேன்.

"வீடியோ பாத்தேன்" என்றார், மாத்திரை அட்டையைக் கத்தரித்தபடி.

"நானும் பாத்தேண்ணே."

"நாப்பது செகண்டு. அதுல என்னத்தத் தெரியும்."

"அதான்."

உறையில் போட்டு நீட்டினார். கூடவே வயிற்றெரிச்சல் மாத்திரை ஒரு அட்டை இருந்தது. "இது நான் கேக்கலையேண்ணே" என்றேன். "வச்சுக்க. தூங்குறியா நீ?" என்றார். தூங்குகிறேன் என்றேன். நான் கடையை விட்டு இறங்குகிற வரைக்கும் அவர் என் முகத்தைப் பார்க்கவில்லை.

மே 24, சனி

இன்று மதுரைக்குப் போய் வந்தேன்.

சங்கத்தின் அலுவலகம் ஒரு சைக்கிள் கடைக்கு மேல் மாடி. மூன்று பேர் உட்கார்ந்திருந்தார்கள். செயலாளர் ஞானசம்பந்தம் சார் நடுவில். ஒரு பக்கம் அண்ணனும் நானும், இன்னொரு பக்கம் கவியரசன் தனியாக. அவன் அணியின் பயிற்சியாளர் வெளியே நின்றார், உள்ளே விடவில்லை. பக்கத்தில் பார்த்தால் சின்னப் பையன், இருபத்திரண்டு வயது இருக்கும். சட்டையை நன்றாக இஸ்திரி போட்டு வந்திருந்தான்.

செயலாளர் என் வாக்குமூலத்தைச் சத்தமாக வாசித்தார். "எம்பிக் குதித்து, உச்சியில் பந்தை விடுவித்ததை" என்ற இடத்தில் கவியரசன் தலையைத் தூக்கினான்.

"சார், நான் குதிக்கவே இல்ல."

"என்ன?"

"நாலாவது குவார்ட்டர்ல கணுக்கால் பிசகிருச்சு சார். குதிக்க முடியல. நின்ன எடத்துலருந்துதான் போட்டேன். கீழ அவங்க ரெண்டு பேரும் மோதுறது எனக்கு முன்னாலதான் நடந்துச்சு. அப்ப பந்து என் கையில இருந்துச்சு. விசில் வந்ததுக்கு அப்புறந்தான் போட்டேன், சும்மா போட்டேன்."

குதிக்கவில்லை என்கிறான். நான் இத்தனை நாளாக அவன் குதிப்பதை மனசுக்குள் பார்த்துக்கொண்டிருக்கிறேன். இரவில் கண்ணை மூடினால் அவன் குதிக்கிறான், பந்து போகிறது, அப்புறம் மோதல். அவ்வளவு தெளிவாக இருக்கிறது.

"என்ன மேடம், குதிச்சாரா இல்லையா?" என்றார் செயலாளர்.

நான் வாயைத் திறப்பதற்குள் பக்கத்திலிருந்து அண்ணன் சொன்னார், "குதிச்சாரு சார். பந்து கைய விட்டுச்சு. நானும் பாத்தேன்."

நான் அவரைத் திரும்பிப் பார்த்தேன். அவர் முன்னாலேயே பார்த்துக்கொண்டிருந்தார்.

இரண்டு நடுவர்களும் ஒன்றாகச் சொன்ன பிறகு விசாரிக்க என்ன இருக்கிறது. ஆட்ட முடிவு மாறாது. கவியரசனுக்கு ஒரு வருஷத் தடை. "நடுவரை அவதூறாகப் பேசியதற்கும் விசாரணையில் உண்மைக்கு மாறாகக் கூறியதற்கும்" என்று எழுதினார்கள். அவன் அதைக் கேட்டுக்கொண்டே தன் கணுக்காலைக் குனிந்து பார்த்தான். பிறகு, "சார், ஜூன் பதினாறு ஒரு செலக்சன் இருக்கு சார். ஸ்போர்ட்ஸ் கோட்டா வேலை. தடை இருந்தா உள்ளயே விடமாட்டாங்க" என்றான். அதற்கு முன்பே யோசித்திருக்க வேண்டும் என்றார் செயலாளர்.

பஸ்ஸில் அண்ணனும் நானும் ஒரே சீட்டில்தான் வந்தோம். உசிலம்பட்டியில் கடலை வாங்கி எனக்குப் பாதி கொடுத்தார். ஊர் வரைக்கும் ஆட்டத்தைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை.

மே 25, ஞாயிறு

மழை. துணி காயவில்லை.

மே 28, புதன்

இந்த நோட்டைப் படிக்கப் போவது நான் ஒருத்திதான். இதிலும் பொய் எழுதியிருக்கிறேன். என்ன பிழைப்பு இது.

பந்தை நான் பார்க்கவில்லை.

நடந்தது இதுதான். ஆட்டம் முழுக்க அந்த இரண்டு பேரின் முட்டலை அண்ணன்தான் பிடித்துக்கொண்டிருந்தார். ஒவ்வொரு தடவையும் கூட்டம் அவரைப் பார்த்துக் கை தட்டியது. முதல் வரிசையில் மாநிலச் சங்கத்துக்காரர் ஒருவர் உட்கார்ந்திருந்தார். ஆகஸ்டில் நடக்கும் தேசிய நடுவர் தேர்வுக்கு எங்கள் பகுதியிலிருந்து ஒரு பெயரைச் சொல்லப் போகிறவர். கடைசி நேரத்தில் அந்த முட்டலை நானும் பிடிக்க வேண்டும் என்று நினைத்தேன். பார்க்க வேண்டிய பையனை விட்டுவிட்டு அங்கே பார்த்தேன். பிடித்தும்விட்டேன். இரண்டு விசிலும் ஒன்றாகக் கேட்டபோது எனக்கு எவ்வளவு பெருமை.

அப்புறம் அண்ணன் ஓடி வந்து பந்து எங்கே என்று கேட்டார். தெரியவில்லை என்று சொன்னால் போதும். டேபிளில் நாலு பேர் இருக்கிறார்கள், அவர்களைக் கேட்கலாம், விதியிலேயே அதற்கு இடம் இருக்கிறது. ஆனால் கேலரியிலிருந்து ஒருத்தன் கத்தினான், "அக்காவுக்குக் கொழப்பம்டா, ஸ்கூல் மணி அடிக்கச் சொல்லு." சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். ஆண் நடுவர் யோசித்தால் யோசிக்கிறார் என்பார்கள், நான் யோசித்தால் எனக்குத் தெரியவில்லை என்பார்கள். யோசிக்காமல் சொல்லிவிட்டேன்.

கையில் இருந்தது என்றும் சொல்லியிருக்கலாம். இல்லை என்றுதான் வாயில் வந்தது. அம்பு எங்கள் ஊர்ப் பக்கம் இருந்தது எனக்குத் தெரியும். அதை நினைத்துச் சொல்லவில்லை. நினைக்கவில்லை என்றுதான் நினைக்கிறேன்.

இனி ஒன்றைச் சொன்னால் போதாது. நான் பார்க்கவில்லை என்றால், அண்ணன் என்ன பார்த்தார் என்று கேட்பார்கள்.

மே 31, சனி

பதினோரு மணிக்கு மருந்துக் கடைக்குப் போனேன். மற்ற நாளில் அவர் சம்சாரம் இருப்பார், இன்று தனியாக இருந்தார்.

"அண்ணே, நான் சங்கத்துக்கு எழுதப் போறேன். பந்த நான் பாக்கல."

அவர் கையில் இருந்த இருமல் மருந்துப் பாட்டிலைத் துடைத்து அலமாரியில் வைத்தார். "தெரியும்" என்றார்.

"எப்பயிருந்து?"

"வீடியோவுல ஒன் மூஞ்சியப் பாத்ததுமே. மத்தவய்ங்களுக்குத் தெரியாது. நமக்குத் தெரியாதா, பின்னால நிக்கிறவன் எங்க பாக்கணும்னு."

"அப்புறம் ஏன்ணே நீங்களும் பாத்தேன்னு சொன்னீங்க?"

"அந்தப் பய குதிக்கலைன்னதும் நீ வெளிறிப் போய்ட்ட. ஆகஸ்டுல ஒனக்குப் பரீட்சை. பதினாலு வருசமா ஓடிருக்க. ஒரு பந்துக்காக எல்லாம் போகணுமா?"

"நான் சொல்லச் சொன்னேனாண்ணே?"

ஒரு அம்மா வந்து குழந்தைக்குக் காய்ச்சல் மருந்து கேட்டார். எத்தனை வயசு, எத்தனை எடை என்று விசாரித்து, மூடியில் அளவைக் காட்டி, பொறுமையாக இரண்டு தடவை சொல்லி அனுப்பினார். அந்த அம்மா போன பிறகு என் பக்கம் திரும்பினார். முகம் சிவந்திருந்தது.

"நீ சொல்லச் சொல்லல. ஆனா நான் சொன்னப்ப நீ வாயத் தொறந்தியா? பக்கத்துலதான ஒக்காந்திருந்த. அவய்ங்க தடைன்னு எழுதி, கையெழுத்துப் போட்டு, டீ குடிச்சு முடிக்கிற வரைக்கும் ஒக்காந்திருந்த. இப்ப வந்து எழுதப் போறேங்குற. நீ எழுதுனா நீ நல்லவ. நான் யாரு?"

அவர் சொன்னதில் ஒரு வார்த்தைகூடத் தப்பில்லை.

"பதினாறாம் தேதிக்கு முன்னாடி எழுதணும்ணே" என்று மட்டும் சொன்னேன்.

"எழுது. என்னயக் கேக்காத."

படியிறங்கும்போது அழுகை வந்துவிட்டது. பஸ் ஸ்டாண்டில் இவருடைய பஸ் நின்றது. என்னைப் பார்த்துவிட்டு இறங்கி வந்தார். எதுவும் கேட்காமல் தண்ணீர்ப் பாட்டிலைத் திறந்து கொடுத்தார். டிரைவர் ஹார்ன் அடித்த பிறகும் ஒரு நிமிஷம் நின்றார். பாலைப் பற்றிப் பொய் சொன்னது நினைவுக்கு வந்தது.

ஜூன் 2, திங்கள்

பள்ளி திறந்தது. புத்தகம் கொடுத்தோம், பிரேயரில் இரண்டு பேர் மயங்கி விழுந்தார்கள். மத்தியானம் கடிதத்தைப் பதிவுத் தபாலில் அனுப்பினேன். அதில் அண்ணன் பெயரை எழுதவில்லை. எழுதாவிட்டாலும் அவர் பெயர் அதில் இருக்கிறது.

ஜூன் 5, வியாழன்

ஞானசம்பந்தம் சார் போன் செய்தார். "என்ன மேடம் இது, முடிஞ்சு போன வெசயத்த" என்றார். வாபஸ் வாங்கிக்கொண்டால் ஆகஸ்ட் தேர்வுக்கு என் பெயரைத் தடுக்க மாட்டார்களாம். வாங்கவில்லை என்றேன். சனிக்கிழமை மூன்று பேரும் வரவேண்டும் என்றார்.

அண்ணனுக்கு இரண்டு தடவை போன் செய்தேன். எடுக்கவில்லை.

ஜூன் 7, சனி

காலை ஆறரை பஸ்ஸில் தனியாகப் போனேன். அண்ணன் வரமாட்டார் என்று நினைத்தேன். மாடியேறினால் எனக்கு முன்பே வந்து உட்கார்ந்திருந்தார். நான் உட்கார்ந்ததும் கொஞ்சம் தள்ளி உட்கார்ந்தார். கவியரசன் எதிர்ப்பக்கம். போன தடவை போட்ட அதே இஸ்திரிச் சட்டை.

நான் எழுந்து நின்று சொன்னேன். பந்து வைத்திருந்தவரைப் பார்ப்பது என் வேலை, நான் அவரைப் பார்க்கவில்லை. கூடைக்குக் கீழே பார்த்தேன். பந்து கையில் இருந்ததா, போய்விட்டதா என்று எனக்குத் தெரியாது. தெரியாது என்று சொல்லாமல், பந்து போய்விட்டது என்று சொன்னேன். குதித்ததாக எழுதியது நானே கற்பனையில் எழுதியது. இவ்வளவுதான். ஒரு நிமிஷம்கூட ஆகவில்லை.

செயலாளர் அண்ணன் பக்கம் திரும்பினார். "மிஸ்டர் இருதயராஜ், நீங்க பாத்ததாச் சொன்னீங்க."

அண்ணன் மேசையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். கீழே கடையில் யாரோ சைக்கிள் பெல்லை அடித்துப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"பாக்கல சார்" என்றார்.

எங்களை வெளியே நிற்கச் சொன்னார்கள். அரை மணி நேரம். கூப்பிட்டு வாசித்தார்கள். ஆட்ட முடிவு முடிந்த முடிவு, அதில் கை வைக்க முடியாது. அண்ணனுக்கும் எனக்கும் ஆறு மாதம் எந்த ஆட்டத்திலும் விசில் கிடையாது. ஆகஸ்ட் தேர்வுக்கு என் பெயர் போகாது. கவியரசன் மேல் இருந்த தடை ரத்து. டேபிளை அடித்ததற்கு மட்டும் இரண்டு ஆட்டம், அது ஏற்கெனவே கழிந்துவிட்டது. பதினாறாம் தேதி அவன் போகலாம்.

படியிறங்கும்போது அண்ணன் முன்னால் இறங்கினார். கீழே வந்ததும் நின்றார்.

"ஊருக்குப் பஸ்ஸு இருக்குல்ல?"

"இருக்குண்ணே. நீங்க?"

"மொத்தக் கடையில மருந்து எடுக்கணும். நேரமாகும். நீ போ."

போய்விட்டார். சனிக்கிழமை அவர் மருந்து எடுப்பதில்லை, எனக்குத் தெரியும். கூட்டத்தில் மறைகிற வரைக்கும் பார்த்துக்கொண்டு நின்றேன். கூப்பிட்டிருக்கலாம். என்ன சொல்லிக் கூப்பிடுவது என்று தெரியவில்லை.

கவியரசன் பின்னாலேயே இறங்கி வந்தான். "தேங்க்ஸ் மேடம்" என்றான். அந்த நிமிஷம் எனக்கு மனசு நிறைந்துதான் போனது, அதையும் எழுதிவிடுகிறேன். தேர்வு போனது, அண்ணன் போனார், ஆனாலும் செய்ய வேண்டியதைச் செய்துவிட்டோம் என்று ஒரு நிறைவு.

"கால் எப்படி இருக்கு?"

"சரியாயிருச்சு மேடம்."

"பதினாறாம் தேதி நல்லா ஆடு. சங்கத்துல நான் அப்படிச் சொல்ல முடியாது, ஆனா ஒங்கிட்ட சொல்றேன். நீ சொன்னத நான் நம்புறேன். பந்து ஒன் கையிலதான் இருந்துச்சு."

அவன் சிரிப்பான் என்று எதிர்பார்த்தேன். பையை ஒரு தோளிலிருந்து இன்னொரு தோளுக்கு மாற்றிக்கொண்டு நின்றான்.

"இல்ல மேடம், எனக்கே இப்ப தெரியல."

"என்ன தெரியல?"

"அன்னைக்கு நல்லாத் தெரிஞ்சுச்சு. அப்புறம் ரெண்டு ரெஃப்ரியும் பாத்தேன்னு சொன்னாங்க. எங்க கோச்சும், 'ரெண்டு பேரு சொல்றாங்கல்லடா, நீ நல்லா யோசிச்சுப் பாரு'ன்னாரு. வீட்டுலயும் அப்பா அதயேதான் கேட்டாரு. யோசிச்சு யோசிச்சுப் பாத்தேன். தெனமும் கிரவுண்டுல அதே எடத்துல நின்னு போட்டுப் பாக்குறேன். ஒரு நாள் கையில இருந்த மாதிரி இருக்கு. ஒரு நாள் நானே குதிச்சு விட்டுட்ட மாதிரி இருக்கு." மாடிப் படியைத் திரும்பிப் பார்த்தான். "நீங்க எழுதுனதால இன்னைக்குக் கூப்பிட்டாங்கன்னதும், சரி, மேடம் நெசமாவே பாத்திருப்பாங்க, கையில இருந்துச்சுன்னு சொல்லப் போறாங்கன்னு நெனச்சுத்தான் வந்தேன். பாக்கலைன்னுட்டீங்க."

பஸ் வருகிறது என்று சொல்லிக் கும்பிட்டுவிட்டுப் போனான். கும்பிட்டதுதான் தாங்க முடியவில்லை.

அன்று மைதானத்தில் அறுநூறு பேர் இருந்தோம். எல்லோரும் சண்டையைத்தான் பார்த்தோம். பந்து எங்கே இருந்தது என்று தெரிந்தவன் அவன் ஒருவன்தான், அவனிடமிருந்தும் அதைப் பிடுங்கிவிட்டேன்.